பைத்தானிலிருந்து சி ஃபங்ஷனை அழைப்பது எப்படி: ஆர்குமென்ட் அனுப்புவதிலிருந்து ரிட்டர்ன் மதிப்பு வாங்குவது வரை

பைத்தானில் எழுதிய நிரல் ஒன்று, சி-யில் எழுதிய ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். எண்ணோ பெயரோ அந்தப் பக்கம் போக வேண்டும், விடை இந்தப் பக்கம் வர வேண்டும். இதை முதல்முறை செய்பவர்கள் பலரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் ஒரே நாலைந்து இடங்களில்தான் விழுகிறார்கள். சி தெரியாததால் அல்ல, வேலைகளை வரிசை மாற்றிச் செய்வதால்தான் விழுகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தானிலிருந்து சி++ நிரலை ஓட்டும் பாடம் ஒன்று உண்டு. அங்கே சி++ நிரல் தனியாகக் கம்பைலாகி, தனி ப்ராசஸாக ஓடும். இங்கே நான் சொல்வது வேறு: இரண்டு மொழிகளும் ஒரே ப்ராசஸுக்குள், ஒரே மெமரியைப் பகிர்ந்துகொண்டு ஓடும் முறை. வேகம் கூடும், ஆனால் ஒரு பக்கம் செய்த தவறு இன்னொரு பக்கத்தையும் சேர்த்துச் சாய்க்கும். கருவி, பைத்தானோடு கூடவே வரும் சிடைப்ஸ் என்ற மாட்யூல். நிரல்வரிகளை ஒட்டாமல், எந்த வரி எதற்காக என்று சொல்லிக்கொண்டு போகிறேன். வரியை எழுதுவது எளிது, காரணம் தெரியாமல் எழுதினால்தான் சிக்கல்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சி கம்பைலர் ஒன்று வேண்டும். லினக்ஸில் ஜிசிசி போதும். சி ஃபங்ஷனின் அறிவிப்பு இருக்கும் ஹெடர் ஃபைலும் வேண்டும். அது இல்லாமல், கம்பைல் செய்த லைப்ரரி மட்டும் கிடைத்தால் வேலையைத் தொடங்காதீர்கள். லைப்ரரிக்குள் ஃபங்ஷனின் பெயர் இருக்கும், ஆனால் அது எத்தனை ஆர்குமென்ட் வாங்கும், என்ன வகை என்பது இருக்காது. அதைச் சொல்வது ஹெடர் மட்டும்தான்.

அடுத்து, உங்கள் பைத்தான் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். லைப்ரரியும் அதே அகலத்தில் இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் விண்டோஸ் 193 என்ற பிழை எண்ணைக் காட்டும். அந்தச் செய்தியில் ‘செல்லாத வின்32 அப்ளிகேஷன்’ என்றுதான் இருக்கும், பிட் பொருந்தவில்லை என்று ஒரு சொல் இருக்காது. ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப டவுன்லோட் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

2. ஒப்பந்தத்தைத் தாளில் எழுதுங்கள்

கீபோர்டைத் தொடும் முன் ஒரு தாளை எடுங்கள். அழைக்கப்போகும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் நான்கு பதில்களை எழுதுங்கள். ஒவ்வொரு ஆர்குமென்டும் என்ன வகை, எத்தனை பைட்? திரும்பி வருவது என்ன? அனுப்பும் பாயிண்டருக்கு (மெமரி முகவரிக்கு) பின்னால் இருக்கும் மெமரியை யார் ஒதுக்கினார்கள், யார் விடுவிப்பார்கள்? தவறு நடந்தால் எப்படித் தெரியும்?

ஒரே மொழிக்குள் இந்தக் கேள்விகளைக் கம்பைலரோ இன்டர்பிரட்டரோ பார்த்துக்கொள்ளும். எல்லையைத் தாண்டும் இடத்தில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நீங்கள் சொல்வதைச் சிடைப்ஸ் அப்படியே நம்பும். சி ஃபங்ஷனோ, தான் எதிர்பார்த்ததுதான் வந்திருக்கிறது என்று நம்பி வேலையை ஆரம்பித்துவிடும். பதில் தெரியாத கேள்வி ஒன்று இருந்தாலும் அந்த ஃபங்ஷனை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ‘ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்’ என்பது இங்கே உதவாது. தவறான ஒப்பந்தமும் பல நேரம் ஓடத்தான் செய்யும்.

3. லைப்ரரியைக் கட்டி, பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்

முதல் சோதனைக்கு மிகச் சிறிய ஃபங்ஷன் ஒன்று போதும்: ஒரு டபுள் எண்ணை (8 பைட் தசம எண்ணை) வாங்கி, அதன் இரு மடங்கைத் திருப்பித் தருவது. அதற்கு ‘இரட்டிப்பு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். லினக்ஸில் ஜிசிசியிடம் ஷேர்டு லைப்ரரியாகக் கட்டச் சொல்லும் ஆப்ஷனையும் எஃப்-பிஐசி ஆப்ஷனையும் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். லைப்ரரி மெமரியில் எந்த முகவரியில் போய் உட்கார்ந்தாலும் ஓட வேண்டும் என்பதால்தான் இரண்டாவது.

பைத்தானுக்குப் போகும் முன், என்எம் கட்டளையால் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ‘இரட்டிப்பு’ அப்படியே இருக்கிறதா? சி++ கம்பைலரால் கட்டியிருந்தால் பெயரோடு ஆர்குமென்ட் வகைகளும் ஒட்டிக்கொண்டு உருமாறியிருக்கும். ஃபங்ஷன் அறிவிப்புக்கு முன்னால் ‘எக்ஸ்டர்ன் சி’ என்ற குறிப்பைச் சேர்த்தால் பெயர் பழையபடி நிற்கும். பைத்தான் சொல்லும் ‘சிம்பல் கிடைக்கவில்லை’ பிழைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

லைப்ரரியை ஏற்றும்போது முழுப் பாதையைக் கொடுங்கள். வெறும் ஃபைல் பெயர் கொடுத்தால் லினக்ஸ் தற்போதைய ஃபோல்டரில் தேடாது. விண்டோஸில் பைத்தான் 3.8 முதல், உங்கள் லைப்ரரி சார்ந்திருக்கும் மற்ற டிஎல்எல்-களை (விண்டோஸின் ஷேர்டு லைப்ரரி ஃபைல்களை) பாத் பட்டியலில் தேடுவதில்லை. அந்த ஃபோல்டரைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

4. எண்களை அனுப்பி வாங்குங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். இது சரியாக வந்துவிட்டால் மற்றதில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

சிடைப்ஸிடம் எதுவும் சொல்லாமல் ‘இரட்டிப்பு’ ஃபங்ஷனுக்கு 3 என்று அனுப்பிப் பாருங்கள். 6 வராது, சம்பந்தமே இல்லாத ஒரு முழு எண் வரும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் லினக்ஸ் பின்பற்றும் வழக்கப்படி முழு எண்களும் பாயிண்டர்களும் ஒரு தொகுதி ரிஜிஸ்டர்களில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களில்) போகும், தசம எண்கள் எக்ஸ்எம்எம்0 முதல் எக்ஸ்எம்எம்7 வரையான வேறொரு தொகுதியில் போகும். நீங்கள் கொடுத்தது முழு எண் 3. சிடைப்ஸ் அதை முழு எண் ரிஜிஸ்டரில் வைத்தது. சி ஃபங்ஷன் எக்ஸ்எம்எம்0-ஐத் திறந்து, அங்கே ஏற்கெனவே கிடந்ததை இரட்டித்தது. விடையையும் எக்ஸ்எம்எம்0-லேயே வைத்தது. சிடைப்ஸோ, ரிட்டர்ன் வகை சொல்லப்படாததால் இன்ட் என்று எடுத்துக்கொண்டு, ஆர்ஏஎக்ஸ் ரிஜிஸ்டரின் கீழ்ப்பாதியைப் படித்தது. வாங்கியவர், கொடுத்தவர் இருவருமே வேறு வேறு வாசலில் நின்றிருக்கிறார்கள்.

சரி, தீர்வு இரண்டே வரிதான். ஃபங்ஷனின் ஆர்க்டைப்ஸ் என்ற இடத்தில் ஆர்குமென்ட் வகைகளின் பட்டியலையும், ரெஸ்டைப் என்ற இடத்தில் ரிட்டர்ன் வகையையும் எழுத வேண்டும். இரண்டையும் சி_டபுள் என்று குறித்தபின் 3 அனுப்பினால், சிடைப்ஸே அதை 3.0 ஆக்கி அனுப்பும். 6.0 திரும்பி வரும். ஆர்குமென்ட் ஒன்றே ஒன்று என்றாலும் ஆர்க்டைப்ஸ் ஒரு பட்டியலாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் நேரத்தைத் தின்னும் குழிகள் சில உண்டு.

ஆர்க்டைப்ஸ் என்பதில் கடைசி ‘ஸ்’ விட்டுப்போனாலோ, ரெஸ்டைப் என்பதில் ‘ஸ்’ கூடிப்போனாலோ பைத்தான் வாய் திறக்காது. அந்தத் தவறான பெயரில் புதிதாக ஒரு அட்ரிபியூட்டை உருவாக்கிவிட்டு நகர்ந்துவிடும். நீங்கள் வகையைச் சொல்லிவிட்டதாக நினைத்திருப்பீர்கள், சிடைப்ஸ் காதில் விழுந்திருக்காது. பக்கத்தில் இருந்த ஒருவர் இந்த ஒரு எழுத்துக்காக அரை நாள் சி நிரலைப் புரட்டிக்கொண்டிருந்தார். சி-யில் ஒரு குறையும் இல்லை.

லைப்ரரியிலிருந்து ஃபங்ஷனைப் புள்ளி வைத்து எடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே பொருள்தான் வரும். சதுர அடைப்புக்குள் பெயர் கொடுத்து எடுத்தால் ஒவ்வொரு முறையும் புதுப் பொருள் வரும். முதலில் எடுத்ததில் எழுதிய வகைகள் அடுத்ததில் இருக்காது.

ஒன்றும் திருப்பித் தராத ஃபங்ஷனுக்கும் ரெஸ்டைப்பை நன் (‘ஒன்றும் இல்லை’ என்று பொருள்படும் பைத்தான் மதிப்பு) என்று குறியுங்கள். குறிக்காவிட்டால் ரிஜிஸ்டரில் மிச்சமிருந்த ஏதோ ஒரு எண் ரிட்டர்ன் மதிப்பு போல வந்து நிற்கும். யாராவது அதை வெற்றிக் குறியீடு என்று நம்பி இஃப் போட்டுவிடுவார்கள்.

அப்புறம், லாங். 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் அது 8 பைட், விண்டோஸில் 4 பைட். சி பக்கம் உங்கள் கையில் இருந்தால் லாங் வேண்டாம், 32 அல்லது 64 என்று அளவைப் பெயரிலேயே சொல்லும் வகைகளைப் பயன்படுத்துங்கள். பைத்தான் முழு எண்ணுக்கு எல்லை இல்லை, சி-க்கு உண்டு. 32 பிட்டில் 214 கோடியே சொச்சம்தான் உச்சம். அந்த இடத்தில் 300 கோடியை அனுப்பினால் சிடைப்ஸ் தடுக்காது. மறுபுறம் −1,29,49,67,296 போய்ச் சேரும். எல்லையைச் சரிபார்ப்பது உங்கள் வேலை.

5. அரேயும், விடைக்கு ஒரு காலி இடமும்

அடுத்த சோதனை, மழையளவுகளின் பட்டியலை அனுப்பிச் சராசரியை வாங்குவது. சி ஃபங்ஷனுக்கு மூன்று ஆர்குமென்ட்: டபுள் பாயிண்டர், எண்ணிக்கை, விடையை எழுத வேண்டிய இடத்தின் பாயிண்டர். திரும்பி வருவது ஒரு முழு எண்: சரியென்றால் 0, பட்டியல் காலி என்றால் வேறு எண்.

சராசரியையே நேராகத் திருப்பித் தரலாமே என்று கேட்பார்கள். தந்தால் தவறைச் சொல்ல இடமில்லாமல் போகும். காலிப் பட்டியலுக்கு 0 திருப்பினால், மழையே பெய்யாததும் 0, தரவே இல்லாததும் 0.

எண்ணிக்கையை எப்போதும் தனியாக அனுப்புங்கள். பாயிண்டருக்குத் தான் காட்டும் பட்டியல் எவ்வளவு நீளம் என்று தெரியாது. விடைக்கான இடத்தைப் பைத்தான் பக்கம் ஒரு சி_டபுள் பொருளாக உருவாக்கி, பைரெஃப் மூலம் முகவரியாக அனுப்பி, திரும்பியதும் அதன் வேல்யூவைப் படியுங்கள்.

பைத்தான் லிஸ்ட்டை சிடைப்ஸ் அரேயாக மாற்றும்போது ஒவ்வொரு எண்ணும் காப்பியாகிறது. லட்சக்கணக்கில் எண்கள் இருந்தால் நம்பை என்ற எண்கணித லைப்ரரியின் அரேயை நேராகக் கொடுப்பதே நல்லது, ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டியெடுத்த ஸ்லைஸின் எண்கள் மெமரியில் அடுத்தடுத்து இருக்காது. சி ஃபங்ஷன் நீங்கள் விட்டுவிட்ட எண்களையும் சேர்த்துக் கூட்டிவிடும். இரண்டாவது, அரேயின் வகையை மாற்றிய கையோடு, அதே வரியில் அதன் முகவரியை எடுத்தால், அந்தத் தற்காலிக அரே உடனே அழிந்துவிடும், கையில் இருப்பது செத்த முகவரி. நம்பையின் என்டிபாயிண்டரை ஆர்க்டைப்ஸில் குறித்து, 64 பிட் தசமம், தொடர்ச்சியான அடுக்கு என்று சொல்லி, அரே பொருளையே அனுப்புங்கள். பொருந்தாததை அது வாசலிலேயே தடுக்கும்.

6. ஸ்ட்ரிங்

‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 ஆக்கி சி-யிடம் கேட்டால் 15, ஏனென்றால் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். முடிவுக்கு அடையாளமான பூஜ்ஜிய பைட்டையும் சேர்த்தால் 16. ஒரே சொல்லுக்கு இத்தனை நீளம் இருப்பதால், ஒப்பந்தத்தில் ‘நீளம்’ என்று மட்டும் எழுதினால் போதாது, பைட்டில் நீளம் என்று எழுதுங்கள்.

ஆர்க்டைப்ஸ் சொல்லாமல் பைத்தான் ஸ்ட்ரிங்கை அப்படியே அனுப்பினால் என்ன ஆகும்? சிடைப்ஸ் அதை அகலமான எழுத்து வகையாக அனுப்பும். லினக்ஸில் அதில் ஓர் எழுத்துக்கு 4 பைட். முதல் எழுத்தின் இரண்டு பைட்டுக்குப் பின் பூஜ்ஜியம் வந்துவிடும், அதனால் நீளம் எண்ணும் சி-யின் ஸ்ட்ர்லென் 2 என்று சொல்லும். விண்டோஸில் ஓர் எழுத்துக்கு 2 பைட், அங்கே 10 என்று சொல்லும். இரண்டிலும் பிழைச் செய்தி வராது. ஆகவே முதலில் யூடிஎஃப்-8 பைட்டுகளாக என்கோட் செய்யுங்கள், ஆர்க்டைப்ஸில் சி_சார்_பி என்று குறியுங்கள். அதன்பின் யாராவது மறந்துபோய் ஸ்ட்ரிங்கையே அனுப்பினால் உடனே பிழை வரும். அந்தப் பிழை உங்களைக் காப்பாற்றுகிறது.

சி ஃபங்ஷன் எழுத வேண்டிய இடத்துக்குப் பைத்தான் பைட்ஸ் பொருளைக் கொடுக்கவே கூடாது. பைட்ஸ் மாறாத பொருள் என்று பைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. எழுதுவதற்கென்றே கிரியேட்_ஸ்ட்ரிங்_பஃபர் இருக்கிறது, அதில் இடம் ஒதுக்கி அனுப்புங்கள்.

எவ்வளவு ஒதுக்குவது? ஊர்ப் பெயருக்கு 32 பைட் தாராளம் என்று தோன்றும். ‘திருநெல்வேலி’யை எண்ணிப் பாருங்கள்: 12 குறியீடு, 36 பைட், முடிவோடு 37. சி பக்கம் 32-க்குள் வெட்டினால் 31 பைட் எழுத்துக்கு, ஒன்று முடிவுக்கு. பத்துக் குறியீடுகளுக்கு 30 பைட் போக, மிஞ்சிய ஒரு பைட்டில் அடுத்த ‘ல’வின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வந்து நிற்கும். பைத்தானில் டிகோட் செய்யும்போது யூனிகோட் பிழை வரும். ஆங்கிலப் பெயர்களில் மட்டும் சோதித்தவருக்கு இது ஒருநாளும் தெரியவராது. உங்கள் சோதனைத் தரவில் நீளமான தமிழ்ப் பெயர் ஒன்றாவது கட்டாயம் இருக்கட்டும்.

நல்ல ஏற்பாடு இது: பஃபரையும் அதன் அளவையும் அனுப்புங்கள், தனக்கு உண்மையில் எத்தனை பைட் தேவை என்பதை சி ஃபங்ஷன் திருப்பிச் சொல்லட்டும். போதாவிட்டால் அந்த அளவில் புது பஃபர் ஒதுக்கி மறுபடி கூப்பிடுங்கள்.

7. சி ஒதுக்கிய மெமரியைத் திருப்பிக் கொடுத்தல்

மற்றவர் எழுதிய லைப்ரரி, தானே மால்லாக் மூலம் மெமரி ஒதுக்கி ஒரு ஸ்ட்ரிங் பாயிண்டரைத் திருப்பித் தரலாம். இங்கே ரெஸ்டைப்பை சி_சார்_பி என்று குறிப்பது எல்லோருக்கும் இயல்பாக வரும். சிடைப்ஸ் உடனே அதைப் பைட்ஸாக மாற்றிக் கொடுத்துவிடும். விடை சரியாகத்தான் இருக்கும். ஆனால் மூலப் பாயிண்டர் தொலைந்துவிட்டது, இனி அந்த மெமரியை விடுவிக்க வழியே இல்லை.

ரெஸ்டைப்பை சி_வாய்ட்_பி என்று குறியுங்கள். முகவரி ஒரு எண்ணாக வரும், நல் பாயிண்டர் (எதையும் சுட்டாத பாயிண்டர்) என்றால் நன் வரும். முதலில் நன்னா என்று பாருங்கள், அப்புறம் சி_சார்_பி ஆக காஸ்ட் செய்து உள்ளடக்கத்தைக் காப்பி எடுங்கள், கடைசியில் விடுவியுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

விடுவிப்பது யார்? ஒதுக்கிய லைப்ரரியேதான். அது தரும் ஃப்ரீ ஃபங்ஷனையே கூப்பிடுங்கள். விண்டோஸில் இரண்டு டிஎல்எல்-கள் வெவ்வேறு சி ரன்டைமோடு கட்டப்பட்டிருந்தால், ஒன்றின் மால்லாக்குக்கு இன்னொன்றின் ஃப்ரீ பொருந்தாது. அந்த ஃப்ரீ ஃபங்ஷனுக்கும் ஆர்க்டைப்ஸை சி_வாய்ட்_பி என்று குறிக்க மறக்காதீர்கள். குறிக்காவிட்டால் 64 பிட் லினக்ஸில் முகவரியின் கீழ் 32 பிட்டுகள் மட்டுமே நிச்சயமாகப் போய்ச் சேரும்.

பாயிண்டர் திருப்பும் ஃபங்ஷனுக்கு ரெஸ்டைப் சொல்லாமல் விட்டாலும் இதே கதைதான், பாதி முகவரி வெட்டுப்படும். அதன் கொடுமை என்னவென்றால், முகவரி தற்செயலாகச் சிறியதாக அமைந்த கணினியில் எல்லாம் சரியாக ஓடும். எழுதியவர் கணினியில் ஓடி, வாங்கியவர் கணினியில் விழும்.

8. ஸ்ட்ரக்ட்

சி-யில் ஒரு ஸ்ட்ரக்ட் (பல புலங்களை ஒன்றாகக் கட்டிய வகை), வரிசையாக ஒரு சார், ஒரு டபுள், ஒரு இன்ட் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 13 பைட். 64 பிட் லினக்ஸில் சைஸ்ஆஃப் கேட்டால் 24 வரும். டபுள், 8-ஆல் வகுபடும் இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதால் சாருக்குப் பின் 7 பைட் காலி, கடைசியில் இன்னும் 4 காலி. டபுள், இன்ட், சார் என்று வரிசையை மாற்றினால் 16 ஆகிவிடும்.

சிடைப்ஸில் அதே வரிசையில், அதே வகைகளோடு புலங்களை எழுதினால் இந்தக் காலியிடங்களை அதுவே கணக்கிடும். வரிசை மாறினால் ஒரு புலத்தின் பைட்டுகள் இன்னொன்றின் மதிப்பாகப் படிக்கப்படும். சோதனை எளிது: சி பக்கம் ஸ்ட்ரக்டின் அளவைத் திருப்பும் குட்டி ஃபங்ஷன் ஒன்றை எழுதி, பைத்தானின் சைஸ்ஆஃபோடு நிரல் தொடங்கும்போதே ஒப்பிடுங்கள். லைப்ரரியின் அடுத்த பதிப்பில் யாராவது ஒரு புலம் சேர்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

9. கால்பேக்: சி-யிலிருந்து பைத்தானுக்கு

சி ஃபங்ஷன் நடுவில் பைத்தான் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்றால் சிடைப்ஸின் சிஃபங்டைப் கொண்டு சுற்றிக் கொடுக்க வேண்டும். அதில் முதலாவதாக ரிட்டர்ன் வகை, அதன்பின் ஆர்குமென்ட் வகைகள். பலர் ரிட்டர்ன் வகையைக் கடைசியில் வைக்கிறார்கள்.

சுற்றிய பொருளை ஒரு மாறியில் வைத்து உயிரோடு காப்பாற்றுங்கள். சி பக்கம் அந்தப் பாயிண்டரை எடுத்து வைத்துக்கொண்டிருப்பது பைத்தானுக்குத் தெரியாது. யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து அழித்துவிடும். பிறகு சி அதைக் கூப்பிடும்போது நிரல் விழும், அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வோர் இடத்தில்.

கால்பேக்குக்குள் எழும் எக்ஸெப்ஷன், சி-யைத் தாண்டி உங்கள் பைத்தான் நிரலுக்குத் திரும்பி வராது. திரையில் செய்தியாக மட்டும் அச்சாகிவிட்டு மறையும். அதனால் கால்பேக்குக்குள்ளேயே பிடித்து ஒரு மாறியில் வையுங்கள், சி அழைப்பு முடிந்ததும் எடுத்து எழுப்புங்கள். எதிர்த் திசையிலும் அப்படியே. சி++ எக்ஸெப்ஷன் எல்லையைத் தாண்டி வெளியே வந்தால் ப்ராசஸே நின்றுவிடும். எக்ஸ்டர்ன் சி ஃபங்ஷனுக்குள் எல்லாவற்றையும் பிடித்து எண்ணாக மாற்றித் திருப்புங்கள்.

10. மறுபக்கம் ஃபோர்ட்ரான் என்றால்

மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும், கூடவே சில வேறுபாடுகள். ஃபோர்ட்ரான் வழக்கமாக மதிப்பை அல்ல, முகவரியை எதிர்பார்க்கும், ஒற்றை எண்ணுக்கும் பாயிண்டர்தான். ஜிஃபோர்ட்ரான் பெயர்களைச் சிறிய எழுத்தாக்கிக் கடைசியில் ஓர் அடிக்கோடு சேர்க்கும். ஸ்ட்ரிங் அனுப்பினால் அதன் நீளம், ஆர்குமென்ட் பட்டியலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் ஆர்குமென்டாகப் போக வேண்டும். இரு பரிமாண அரேயை நெடுவரிசையாக அடுக்கும், சி போல வரிசை வரிசையாக அல்ல.

மூல நிரலைத் திருத்த அனுமதி இருந்தால் ஃபோர்ட்ரான் 2003-இல் வந்த பைண்ட் சி குறிப்பையும், ஒற்றை எண்களுக்கு வேல்யூ குறிப்பையும் சேர்த்துவிடுங்கள். பெயர்ச் சிக்கலும் முகவரிச் சிக்கலும் அதோடு போய்விடும். அரே அடுக்கு மட்டும் உங்கள் பொறுப்பாகவே இருக்கும்.

11. நிரல் விழுந்தால் தேட வேண்டிய வரிசை

பைத்தானை ஃபால்ட்ஹேண்ட்லர் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் பைத்தானில் எந்த வரியில் இருந்தோம் என்பதையாவது காட்டும். அந்த வரியில் அழைத்த ஃபங்ஷனின் ஆர்க்டைப்ஸையும் ரெஸ்டைப்பையும் ஹெடரோடு ஒரு விரலை வைத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலான தேடல் இங்கேயே முடிந்துவிடும்.

எல்லாம் பொருந்தியும் விழுந்தால், விழுந்த இடத்தை நம்பாதீர்கள். அதற்கு முந்தைய ஏதோ ஓர் அழைப்பு, பஃபரின் எல்லையைத் தாண்டி எழுதியிருக்கலாம். சேதம் அங்கே நடந்து, வேறொரு ஃப்ரீயின்போதுதான் வெளியே தெரியும். சி லைப்ரரியை அட்ரஸ் சானிடைசர் என்ற கம்பைலர் சோதனையோடு மறுபடி கம்பைல் செய்து ஓட்டினால், எல்லை தாண்டிய அந்த வரியையே அது சுட்டும்.

விழவில்லை, விடையும் சரி என்றாலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பாயிண்டர் திருப்பும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் பத்து லட்சம் முறை சுழற்சியில் கூப்பிட்டுக்கொண்டே, வேறொரு ஜன்னலில் அந்த ப்ராசஸின் மெமரியைப் பாருங்கள். முதலில் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஏழாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.